சத்தக்காவும் பதினாலு தடவை விழுந்த முருகேசனும்

போடிநாயக்கனூரில் இன்றுவரை பிறந்தவர்களிலேயே அதிகக் கொலைகள் செய்தவர் சத்தக்காதான். நான் அவரோடு வேலை பார்த்த இரண்டு வருடத்தில் மட்டும் நாலு படைகளை அடியோடு அழித்தார். ஒரு ராஜாவைப் பதினேழு தடவை கொன்றுவிட்டு, ஒவ்வொரு தடவையும் "மனசுக்குத் திருப்தியில்லடா" என்றார். இத்தனைக்கும் ஒரு கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிக்கொள்கிற ஆள். ஏறிய பிறகு அங்கிருந்தே கத்துவார்: "டேய், அது நடக்குற சத்தம் நல்லாருக்குடா, மைக்கைக் கொண்டா வெரசா!"

வீடியோ கேம்களுக்குச் சத்தம் செய்து கொடுப்பது அவர் தொழில். விளையாடுகிறவர்கள் யாரும் இதை யோசிப்பதில்லை. திரையில் ஓடும் மனிதனுக்குக் கால் உண்டு, காலடிச் சத்தம் கிடையாது. கத்தி உண்டு, அது உரசும் சத்தம் கிடையாது. அவ்வளவும் ஊமைப்படம். யாராவது ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் தட்டி, உடைத்து, உரசி, கிழித்துச் சேர்க்க வேண்டும். அந்த யாராவது ஒருவர் போடியில் இருக்கிறார் என்பது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும். போடிக்குத்தான் தெரியாது. எங்கள் தெருவைப் பொறுத்தவரை அவர் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ உடைக்கிற பொம்பளை.

சத்தக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது ஆதார் அட்டையில் இருந்தது, அட்டை பீரோவில் இருந்தது, பீரோ சாவி எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியாது. சென்னையில் சில வருடம் டி.வி. சீரியல்களுக்கு வேலை பார்த்தவர். மாமியார் திரும்பிப் பார்த்தால் மூன்று இடி, மருமகள் திரும்பிப் பார்த்தால் இரண்டு இடி. "ஒரு நாளைக்கு நாப்பது இடிடா. ஒரு சொட்டு மழை கெடையாது" என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்வார். வெறுத்துப்போய் ஊருக்குத் திரும்பி, ஏலக்காய் மூட்டை அடுக்கும் பழைய குடோனின் மாடியை வாடகைக்குப் பிடித்தார். சுவர் முக்கால் கஜம் தடிமன், ஜன்னல் இல்லை. வெளிச்சத்தம் உள்ளே வராது. ஏலக்காய் வாசனை மட்டும் வரும். சாயங்காலம் நாங்கள் தெருவில் இறங்கினால் நாய்கள் எங்களைப் பாயசம் என்று நினைத்துப் பின்னாலேயே வரும்.

அவர் உடைப்பதைப் பதிவு செய்து, வெட்டி, பெயர் வைத்து அடுக்குவது என் சோலி. 'முழங்கை எலும்பு, மூன்றாவது, முற்றல் முருங்கை' என்று பெயர் வைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சத்தக்கா காய்கறி வாங்குவதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். முருங்கைக்காயை எடுத்துக் காதோரம் வைத்து மெல்ல முறுக்குவார். முட்டைக்கோசை விரலால் சுண்டுவார். தர்பூசணியை எல்லாரும்தான் தட்டிப் பார்ப்பார்கள். இவர் தட்டிவிட்டு, "இது மண்டைக்கு ஆகாது, வயித்துக்கு வேணா ஆகும்" என்பார்.

ஒருநாள் கடைக்கார அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, நீ காய் வாங்குறது திங்கவா, கேக்கவா?"

"கேக்கத்தேன்."

"அப்ப கேட்டுட்டு வச்சுட்டுப் போயேன்! எதுக்கு ரெண்டா ஒடிச்ச?"

"கையி ஒடியணும்த்தா. இன்னைக்கு மூணு பேருக்கு."

கடைக்கார அம்மா அன்றோடு எங்களிடம் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்ட விலைக்கே கொடுத்து, வெரசாக அனுப்பி வைப்பார்.

போலீஸ் வந்த கதையைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு கோட்டைச் சண்டை. வில்லாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள். சாகிற வேலை என்னுடையது. "ஐயோ, அம்மா" என்று நான் கத்த, சத்தக்கா சுத்தியலால் தர்பூசணியைப் போட்டு நொறுக்க, காற்று வரட்டும் என்று அன்றைக்குப் பார்த்துக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். எதிர்வீட்டுக்காரர் போன் பண்ணிவிட்டார். சிறிது நேரத்தில் ஏட்டய்யா வாசலில் நின்றார். மேஜை, தரை, சுவர் எல்லாம் சிவப்பு. சத்தக்கா கையில் சுத்தியல்.

"யாரும்மா இது?"

"தர்பூசணிங்கய்யா."

"அது தெரியுது. கத்துனது யாரு?"

நான் கையைத் தூக்கினேன். "நான்தேன் சார். அம்பு பட்டுருச்சு."

"எங்க பட்டுச்சு?"

"நெஞ்சுல சார்."

ஏட்டய்யா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நெஞ்சுல பட்டவன் இப்பிடியாய்யா கத்துவான்? மூச்சு நிக்கும்ல? மொதல்ல சத்தமே வராது. உள்ள இழுப்பான். அப்பறந்தேன் வரும்."

சத்தக்காவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். சுத்தியலைக் கீழே வைத்தார். "அய்யா, ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

ஏட்டய்யா தெருவை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்புறம் செத்தார் பாருங்கள்! நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தொண்டையில் ஒன்று, குதிரையிலிருந்து விழுந்து ஒன்று. கடைசியாக, யாரும் கேட்காமலேயே, நஞ்சு குடித்து ஒன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது படியில் திரும்பி நின்று, "இனிமே சாவு இருந்தாச் சொல்லிவிடும்மா" என்றார். இன்றைக்கும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் வில்லை இழுத்து விட்டால், எங்கள் ஏட்டய்யாதான் விழுகிறார்.

இப்படிப் போலீஸ் முதல் காய்கறிக் கடை வரை ஊரையே மடக்கிப்போட்ட சத்தக்காவை மடக்க ஒரே ஒருவன்தான் வந்தான். ராசிங்காபுரம் முருகேசன்.

அப்போது எங்களுக்கு வந்திருந்த வேலை விசேஷமானது. மலையில் மூடுபனியில் வழிதவறிய ஒரு பெண் வீடு போய்ச் சேர வேண்டும். விளையாட்டு முழுக்கத் திரையில் ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை. காதை மட்டும் நம்பி விளையாட வேண்டும். பார்வை இல்லாதவர்களும் மற்றவர்களும் சமமாக உட்கார்ந்து விளையாடலாம். சத்தக்கா இதற்காகவே பிறந்தவர் மாதிரி இறங்கி வேலை பார்த்தார். கம்பெனிக்காரர்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். பார்வை இல்லாத ஒருவர் யார் துணையும் இல்லாமல் விளையாடி, அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாசக் கடைசிக்குள் அது நடக்காவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போய்விடும்.

"இது போச்சுன்னா நான் திரும்ப மாமியாருக்கு இடி போடத்தேன்டா போகணும்" என்றார் சத்தக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

முருகேசன் என்னோடு கல்லூரியில் படித்தவன். பிறவியிலேயே பார்வை கிடையாது. வீட்டில் விவசாயம், இவன் போடியில் ஒரு பேங்கில் வேலை பார்த்தான். கைபேசியில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரலை நாலு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பான். நமக்கு அது வெந்நீரில் வெண்டைக்காய் கொதிக்கிற மாதிரி இருக்கும், அவனுக்கு அது செய்தித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டான். பொண்ணு பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்துவிட்டு நிற்பவரைப் போலச் சத்தக்கா ஓரமாக நின்றார்.

"அக்கா, நடக்குறது யாரு?"

"அந்தப் பொண்ணுதேன். காஞ்ச எலை மேல நடக்குது."

"எலையா? வெங்காயச் சருகுல்ல இது?"

எத்தனையோ நாட்டு நிபுணர்கள் பாராட்டிய காய்ந்த இலை அது. சத்தக்கா இடுப்பில் கையை வைத்தார். "பெருசா, சின்னதா?"

"சின்ன வெங்காயம்."

சத்தக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பின் முருகேசன் நிறுத்தவில்லை. "இது என்ன, நெருப்பா? முட்டாய்ப் பேப்பரக் கசக்குறீக." "கால் ஒடியுதாக்கும்? முருங்கைக்கா, முத்தல்." "பறவை பறக்குதா? குடைய விரிச்சு மடக்குறீக. ஒரு கம்பி வேற வளைஞ்சிருக்கு." ஒரே ஒரு இடத்தில்தான் நெற்றியைச் சுருக்கினான். "இந்தக் கரடி மட்டும் புடிபடலக்கா. நெசக் கரடியா?"

அது என் வயிறு. காலையில் சாப்பிடாமல் வந்த அன்று எடுத்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. விளையாட்டின் நடுவில் இடப்பக்கம் பாறையை ஒட்டி ஒரு மரப்பாலம் வரும், வலப்பக்கம் பெரும் பள்ளம். அந்தப் பாலத்தில் முருகேசன் பதினாலு தடவை விழுந்தான். விழும்போது வருகிற அலறல் சத்தக்காவின் சொந்தக் குரல். தான் பதினாலு தடவை செத்ததைத் தானே நின்று கேட்டார் அவர். முருகேசன் ஹெட்போனைக் கழற்றி, "நல்லாத்தேன் இருக்குக்கா, ஆனா தாண்ட முடியல" என்றான். சாம்பாரில் உப்பில்லை என்று சொல்கிற மாதிரி, அவ்வளவு சாதாரணமாக.

மூன்று நாள் சத்தக்கா எதையும் உடைக்கவில்லை. நாலாம் நாள் காலை, "பொய்யின்னுதான சொல்றான்? நெசத்தையே புடிச்சுட்டு வர்றேன்" என்று கிளம்பினார். மலைக்குப் போகும் குரங்கணி ஜீப்பில் தொற்றிக்கொண்டோம். எங்கள் மைக்குக்குக் காற்று அடிக்காமல் இருக்கச் சடைசடையாக முடி வைத்த ஓர் உறை உண்டு. டிரைவர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி மலையில், "அந்த நாய்க்குட்டிக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்தா முன்கூட்டியே சொல்லிருங்க" என்றார்.

மலையில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழை, ஓடை, ஈர இலை, மூங்கில் உரசல் என்று எல்லாவற்றையும் நிஜமாகவே எடுத்தோம். தொப்பலாக நனைந்து, அட்டைப்பூச்சிக்கு ஆளுக்கு இரண்டு இடத்தில் ரத்தம் கொடுத்து இறங்கினோம். அடுத்த ஞாயிறு முருகேசன் காதில் அந்த மழையைப் போட்டோம்.

"என்னக்கா, அப்பளம் பொரிக்கிறீகளா?"

"மழைடா அது!"

"மழை இப்பிடி இருக்காதே."

"நெச மழைடா. நானே நனைஞ்சேன்!" என்று சொல்லி, அதற்குச் சாட்சியாக ஒரு தும்மலும் போட்டார். முருகேசன் அந்தத் தும்மலை மட்டும் ஒத்துக்கொண்டான். பாலத்தில் மறுபடி விழுந்தான்.

அப்போதுதான் சத்தக்காவின் குரல் முதல்முறையாக உடைந்தது. முருகேசன் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். "எனக்கு வெளங்கலடா முருகேசா. பொய்யும் ஆகலங்கிற, நெசமும் ஆகலங்கிற. இந்த ஒண்ணுதேன் எனக்குத் தெரிஞ்ச சோலி. உனக்கு என்னதேன்டா வேணும்?"

முருகேசன் ஹெட்போனைக் கழற்றி வைத்தான். "வெங்காயச் சருகு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லக்கா. இன்னும் சொல்லப்போனா எலைய விட அதுதேன் நல்லாருக்கு. ஆனா அந்தப் பொண்ணு எது மேல நடக்குதுன்னுதேன் சொல்றீக. எங்க நிக்கிதுன்னு சொல்ல மாட்டேங்கிறீகளே."

"எங்க நிக்கிதுன்னா?"

"இங்க உக்காந்து சொன்னா வெளங்காது. மலைக்கு வாங்க."

மறுபடி குரங்கணி. அதே ஜீப், அதே டிரைவர். "நாய்க்குட்டி வரலியா?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். மேலே ஏலத்தோட்டத்துச் சரிவில் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். முருகேசன் கோலைத் தட்டினான். விரலைச் சொடுக்கினான்.

"இந்தப் பக்கம் சொடுக்குனா சத்தம் மூஞ்சில வந்து விழுகுது பாருங்க. அப்ப அங்க மேடு இருக்கு. இந்தப் பக்கம் சொடுக்குறேன். போகுதா? போயிருச்சு. திரும்பி வரல. அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். ஒங்க பாலத்துல எல்லாப் பக்கமும் ஒரே சத்தம்க்கா. பள்ளத்துலயும் கொண்டுபோய்ச் சத்தத்தை நெரப்பி வச்சிருக்கீக. இருக்குற எடம் எது, இல்லாத எடம் எதுன்னு நான் எப்பிடிக் கண்டுபுடிக்க?"

சத்தக்கா கண்ணை இறுக்க மூடினார். சொடுக்கினார். ஓர் அடி வைத்தார். இன்னொரு அடி. நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனார். நான் அவர் துப்பட்டாவின் நுனியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "விடுறா, கேக்குது" என்றார். "கேக்கட்டும்க்கா, நான் விடமாட்டேன்" என்றேன். பள்ளத்துக்கு இரண்டடி முன்னால் தானாகவே நின்றார். கண்ணைத் திறக்கவில்லை. "ஆத்தாடி, காது கீழ எறங்குதுடா" என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தில் காய் எடுத்த பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். மலைச்சரிவில் கண்ணை மூடிச் சொடுக்குப் போடும் ஒரு பெண், கோலோடு ஒருவன், துப்பட்டாவைப் பிடித்தபடி ஒருவன். முன்னால் வந்த அம்மா கூடையை இறக்கினார். கேரளப் பக்கத்து எஸ்டேட்டிலேயே வாழ்ந்தவர், பாதிப் பேச்சு மலையாளம்.

"எந்தா மோளே இது? எதும் நேத்திக்கடனா?"

"ஆமாத்தா" என்றார் சத்தக்கா, கண்ணைத் திறக்காமலேயே.

வேண்டுதல் எந்தச் சாமிக்கு என்றுகூடக் கேட்காமல், அந்த அம்மாவும் கண்ணை மூடி மூன்று சொடுக்குப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஒன்பது நாள் நடந்தது வேலை அல்ல, வெறி. ஒவ்வொரு காலடியையும் முதலிலிருந்து எடுத்தோம். சுவரை ஒட்டி நின்று ஒரு தடவை, அறையின் நடுவில் ஒரு தடவை, மொட்டைமாடியில் நாலு பக்கமும் திறந்த வெளியில் ஒரு தடவை. மேட்டுப் பக்கம் வைத்த அடி திரும்பி வரும், பள்ளத்துப் பக்கம் வைத்த அடி போய்த் தொலையும். தான் ஆசை ஆசையாகச் செய்து வைத்திருந்த சத்தங்களில் பாதியை சத்தக்காவே எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் ஒரு தடவை கேட்பார். "நல்ல சத்தம்டா" என்பார். அழிப்பார். மொட்டைமாடியில் அவர் வெங்காயச் சருகின் மேல் ஒரே இடத்தில் மணிக்கணக்காக நடந்ததைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் மறுபடி போன் பண்ணினார். ஏட்டய்யா வந்து, "சாவு எதுவும் இல்லியா?" என்று ஏமாந்து போனார்.

மாசத்தின் கடைசி ஞாயிறு. முருகேசன் உட்கார்ந்தான். நாங்களும் கேட்பதற்காகச் சத்தத்தை ஸ்பீக்கரிலும் விட்டிருந்தோம். ஏட்டய்யாவும் கீழே குடோன்காரரும்கூட வந்து நின்றார்கள். பாலம் வந்தது. முருகேசன் தலையைச் சாய்த்தான். ஓர் அடி. இரண்டு. மூன்றாவது அடி வலப்பக்கமாகப் போய் எங்கோ கரைந்தது. நின்றான். கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தான். அடி திரும்பி வந்தது. மறுபடி நடந்தான். குடோன்காரருக்கு இருமல் வந்தது, ஏட்டய்யா அவர் வாயைப் பொத்தினார். இருமல் அவர் கண் வழியாக வெளியே வந்தது.

முருகேசன் ஹெட்போனைக் கழற்றினான். "அந்தாண்ட வந்துட்டேன்க்கா."

சத்தக்கா வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்தார். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "வெங்காயம்டா" என்றார்.

சருகுக்குக் கண் எரியாது என்று எனக்குத் தெரியும். முருகேசனுக்கும் தெரியும். "சின்ன வெங்காயமாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கே அவன் அந்தப் பெண்ணை வீடு சேர்த்துவிட்டான், வேலையும் எங்களிடமே நின்றது. அடுத்த வருடம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட சத்தக்கா வந்தார். போய் வா, உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "இந்த பஸ்சு கதவு நல்லாச் சாத்துதுடா" என்றார். அவ்வளவுதான்.

நான் சென்னை போய்ச் சில மாதம் கழித்து அந்த விளையாட்டு வெளிவந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அறையில் தனியாக உட்கார்ந்து விளையாடினேன். பாலத்தில் ஆறு தடவை விழுந்து எழுந்து, ஒருவழியாக அந்தப் பெண்ணை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். விளையாட்டு அதோடு முடியவில்லை, நான் ஊரைவிட்டு வந்த பிறகு இன்னொரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அங்கே அவள் தன் தம்பிக்காகக் காத்திருக்கிறாள். அடுப்பு எரிகிறது. வெளியே யாரோ படியேறி வருகிறார்கள். இடது செருப்பு லேசாகத் தேய்கிறது. இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி, மூன்றாவதில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுகிற நடை. எங்கேயோ கேட்ட நடையாக இருக்கிறதே என்று நினைத்தேன். திருப்பிப் போட்டுக் கேட்டேன். எழுந்து போய் என் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். இடது கால் செருப்பின் அடிப்பாகம் ஓரமாகத் தேய்ந்திருந்தது.

உடனே போன் போட்டேன். "அக்கா, அந்தப் படியேறி வர்றது நானா?"

"பின்ன? அந்தப் பொண்ணுக்குத் தம்பி வீட்டுக்கு வர்றான். வேற யார் நடையப் போடச் சொல்ற?"

"என்னைய ஒரு வார்த்தை கேக்காமயா எடுத்தீக?"

"கேக்காம எப்பிடிடா எடுப்பேன்? ரெண்டு வருசமா தெனமும் கேட்டுக்கிட்டுத்தேன் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, சோலி கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.

அந்த விளையாட்டை நான் இன்னும் முடிக்கவில்லை. தம்பி படியேறி வந்து கதவைத் தட்டுகிறான், அக்கா திறக்கிறாள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இருவரும் அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.